தோட்டத்துக்கும் அமாவாசை விரதம்

தம்பி,

நீ உன் அம்மாவிடம் கொடுத்தனுப்பிய தாள் முந்தாநாள் வந்து சேர்ந்தது. டீ கொண்டு வந்தவள், தம்ளருக்குப் பக்கத்தில் அதையும் வைத்துவிட்டு, "ஞாயித்துக்கெழம பதினோரு மணிக்குக் கடையில மைக் வச்சு கூட்டமாம். ரெண்டு நிமிஷந்தானாம். பாத்துப் படிச்சா போதுமாம்" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள். எனக்குக் கண் சரியில்லை என்று எழுத்தைப் பெரிதாக அடித்து அனுப்பியிருக்கிறாய். அந்த மட்டும் அக்கறை இருக்கிறதே, சந்தோஷம். 'அறியாமையால் நான் செய்த தவறுக்கு என் மகன் பொறுப்பல்ல' என்று நாலாவது வரி. 'உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்' என்று கடைசி வரி. நின்றுகொண்டே ஒரு தரம் படித்தேன். உட்கார்ந்து இன்னொரு தரம் படித்தேன். அதற்குள் டீ ஆறிப்போய்விட்டது.

போன் போட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் எனக்குக் கோபம் வந்தால் வாய் எங்கே போய் நிற்கும் என்று உனக்கே தெரியும். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரைக்கும் படித்தவன், இருபத்தாறு வருஷம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து தினமும் ஆள் பேர் எழுதியவன், பேனா பிடிப்பது எனக்குப் புதிதில்லை. இது உனக்கும் எனக்கும் நடுவில் மட்டும் இருக்க வேண்டிய கடிதமும் இல்லை. நீ நாலு பேர் முன்னால் பேசினாய், அதனால் இதை நாலு பேருக்குக் காட்டினாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உன் கடை வாசலில் ஒட்டிவைத்தாலும் சரி. கடை என்று சொல்லாதே, ரெஸ்டாரன்ட் என்று சொல்லு என்று நூறு தடவை திருத்தியிருக்கிறாய். எனக்கு அது கடைதான்.

சென்னையில் பெரிய ஹோட்டலில் சமையல் வேலை பார்த்துக்கொண்டிருந்த நீ ஒரு நாள் பையோடு வந்து நின்றாய். வேலையை விட்டுவிட்டேன், நம் இடத்தில் காய்கறித் தோட்டம் போடப் போகிறேன், அதில் அன்றன்றைக்கு விளைவதை மட்டும் சமைத்துப் போடுவேன், சுத்த சைவம் என்றாய். நான் சிரித்தேன். நம் இடம் எது? உப்பளத்துக்கும் ரோட்டுக்கும் நடுவில் கிடந்த அறுபது சென்ட். உமரிச் செடியைத் தவிர வேறு எதுவும் தலைகாட்டாத தரை. கோடையில் நடந்தால் செருப்பின் அடியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். அது போதாதென்று, நாமோ நெத்திலியும் சங்கராவும் இல்லாமல் சோறு இறங்காத ஜனம். உனக்கு எதற்கடா சைவக் கடை என்று கேட்டேன். புதுச்சேரிப் பக்கம் பொம்மையார்பாளையத்திலும் இடையஞ்சாவடியிலும் கார் போட்டுக்கொண்டு வந்து இதைத்தான் தேடித் தேடிச் சாப்பிடுகிறார்கள் என்றாய். பூமிக்குக் கெடுதல் இல்லாத சாப்பாடு என்று என்னென்னவோ சொன்னாய். பாதி புரிந்தது. ஆனால் நீ வீட்டோடு வந்துவிட்டாய் என்பது முழுசாகப் புரிந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

அந்தத் தரையை மண்ணாக்க மூன்று வருஷம் ஆனது. நீ சமையல் கட்டும் கீற்றுக் கொட்டகையும் போட்டுக்கொண்டிருந்தாய், நான் தரையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மழையில் உப்பு கீழே இறங்கட்டும் என்று வரப்பு கட்டித் தண்ணீரை நிறுத்தினேன். தழை உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து, பூ வைக்கிறதுக்கு முன்னால் மடக்கி உழுதேன். பிரம்மதேசத்து ஏரியிலிருந்து வண்டல் அடித்தோம். ஒரு மழைக்காலம் வந்தால் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி இருக்கும், அடுத்த சித்திரையில் உப்பு திரும்பவும் மேலே ஏறிவரும். காலமெல்லாம் உப்பை வரவழைத்துப் பிழைத்தவன், கடைசிக் காலத்தில் உப்பைத் துரத்திக்கொண்டு திரிகிறானே என்று உப்பளத்து ஆட்கள் என்னைக் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும். மூன்றாவது வருஷம் ஒரு பிடி எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன், கரிக்கவில்லை. ஓடிவந்து உன்னையும் ஒரு சிட்டிகை வாயில் போடச் சொன்னேன். நீ போட்டுக்கொண்டு, துப்பாமல் சிரித்தாய்.

அந்த மண்ணுக்கு உயிர் கொடுத்தது மீன். இதை எழுதுவதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. மீன் இறக்குகிற இடத்தில் வெட்டிப்போடும் தலை, குடல், செதில் எல்லாவற்றையும் வாரிவந்து, அதே எடைக்கு வெல்லம் சேர்த்து டிரம்மில் மூடிவைத்தால் ஒரு மாசத்தில் தேன் மாதிரி ஒரு தண்ணி வடியும். மீன் அமிலம். மீன் நாற்றமே இருக்காது, பழுத்த பழம் மாதிரி வாசனை வரும். தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து ஊற்றினால் கத்தரிக்காய் எண்ணெய் தடவின மாதிரி மின்னும். இதை எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது? நீ. செங்கல்பட்டுப் பக்கம் இயற்கை விவசாய வகுப்புக்கு இரண்டு நாள் போய்வந்து, நோட்டில் அளவெல்லாம் எழுதிக்கொண்டு வந்து சொன்னாய். வாரா வாரம் மீன் கழிவை வாங்கி, மூடி போட்ட பக்கெட்டில் உன் வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு வந்ததும் நீதான். டிரம் மூடி மேல் மார்க்கரால் தேதி எழுதியது உன் கையெழுத்து. அந்த டிரம்மைச் சமையல் கட்டுக்குப் பின்னால், சவுக்குத் தட்டி மறைவில் வைக்கச் சொன்னதும் நீதான்.

அப்போதே எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. வருகிறவர்கள் பால் மோர்கூடத் தொடாதவர்கள் என்று சொல்கிறாயே, இதை அவர்களிடம் சொல்ல வேண்டாமா என்று கேட்டேன். நீ வாழையிலை நறுக்கிக்கொண்டே பதில் சொன்னாய். "கேட்டா சொல்லலாம்பா. நாமளா எதுக்குப் போய்ச் சொல்லணும்?" நியாயமாகத்தான் பட்டது. மீனைத் தட்டிலா வைக்கிறோம், மண்ணில்தானே போடுகிறோம், மாட்டுச் சாணம் மட்டும் என்ன மரத்திலா காய்க்கிறது என்று நானும் என் மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்தச் சமாதானத்தில் என் பங்கும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மறைப்பது என்று நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்தோம். அதை மறக்காதே.

அப்புறம் இரண்டு வருஷம். பொய் சொல்லமாட்டேன், என் ஆயுசிலேயே நல்ல வருஷங்கள் அவை. விடிந்ததும் பாத்தி பாத்தியாக நடந்து, இன்றைக்குக் கொத்தவரை தயார், சுரை இன்னும் இரண்டு நாள், தண்டுக்கீரையை இன்றைக்கே அறுத்தாக வேண்டும் என்று நான் வந்து சொல்ல வேண்டும். நான் சொன்ன பிறகுதான் நீ அடுப்புப் பற்றவைப்பாய். வாசலில் இருந்த கரும்பலகையில் அன்றைய சாப்பாட்டை என் கையால் எழுதுவேன். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் அந்தப் பலகையைப் போட்டோ எடுப்பார்கள். "இவர் எங்க ஃபார்மர்" என்று என்னைக் காட்டுவாய். அப்பா என்று சொல்லியிருக்கலாம். அதுவும் மனசில் பட்டது, ஆனால் அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. உப்பளத்தில் இருபத்தாறு வருஷம் என்னிடம் யாரும் நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. இங்கே ஒரு சுரைக்காய்க்குக் கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

இப்போது தை மாசத்து அமாவாசை அன்றைக்கு நடந்ததற்கு வருகிறேன். உன் அம்மா அன்றைக்குக் கவிச்சி சேர்க்கமாட்டாள், மீன் சட்டியைக்கூடக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அதே மாதிரி நானும் அமாவாசைக்கும் கிருத்திகைக்கும் தோட்டத்துக்கு மீன் அமிலம் ஊற்றுவதில்லை. ஊற்ற வேண்டிய முறை வந்தாலும் அடுத்த நாள்தான். வீட்டில் நாம் விரதம் இருக்கும்போது செடிக்கு மட்டும் மீன் போடுவது என் மனசுக்கு ஒப்பவில்லை. நீகூடச் சிரித்தாய், செடிக்கு என்னப்பா அமாவாசை என்று. நான் பாட்டுக்குச் செய்துகொண்டிருந்தேன். அன்றைக்குச் சென்னையிலிருந்து வந்த அம்மா ஒருத்தர், கண்ணாடி போட்டவர், கூட ஏழெட்டுப் பேரோடு தோட்டத்தைச் சுற்றிப் பார்த்தார். கத்தரிச் செடியிடம் நின்று, இப்படி ஒரு காயை நான் எங்கேயும் சாப்பிட்டதில்லை, என்னங்க போடுறீங்க இதுக்கு என்று கேட்டார். கேட்டால் சொல்லலாம் என்று நீ சொல்லியிருந்தாயே, சொன்னேன். அதுவும் எப்படிச் சொன்னேன்? அவர்கள் மனசு குளிரும் என்று நினைத்துச் சொன்னேன். "மீன் அமிலந்தாங்கம்மா. இன்னைக்கு ஊத்த வேண்டிய நாளு. ஆனா அமாவாசை பாருங்க, அதனால இன்னைக்குத் தோட்டத்துக்கும் சைவந்தான்."

அந்த அம்மா முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. சைவக்காரர்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துக்கொண்டு, வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கூட வந்தவர்களில் ஒருத்தர் போனை எடுத்துவிட்டார். கொட்டகையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொருத்தர் இலையை மூடிவிட்டு எழுந்தார். நீ சமையல் கட்டிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாய். உன்னைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சில் கொஞ்சம் தெம்பு வந்தது. என் பிள்ளை படித்தவன், இங்கிலீஷில் எடுத்துச் சொல்வான், இதில் என்ன இருக்கிறது, எதற்காகப் போடுகிறோம், பிடிக்காவிட்டால் எப்படி மாற்றலாம் என்று விளக்குவான் என்று நினைத்தேன். நீ என் பக்கத்தில்கூட நிற்கவில்லை. அவர்கள் பக்கம் போய் நின்று, கையைக் கூப்பிக்கொண்டு சொன்னாய். "எங்கப்பாவுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. கிராமத்து ஆளு. எனக்கே தெரியாம பண்ணிட்டாருங்க."

அன்றைக்குத்தான், தம்பி, அந்த இடத்தில் வெளி ஆட்கள் முன்னால் முதல் தடவையாக என்னை அப்பா என்று சொன்னாய்.

நாக்குக் கூசாமல் எப்படி வந்தது அந்த வார்த்தை? நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் சவுக்குத் தட்டிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போய், டிரம் மூடியில் இருந்த உன் கையெழுத்தைக் காட்டியிருக்கலாம். இருபதடி தூரம் இருக்குமா? காட்டவில்லை. வெயிலில் அப்படியே நின்றேன். போனில் பிடித்ததை அவர்கள் ஊரெல்லாம் பரப்பினார்கள், உன் கடைக்கு ஆள் வருவது நின்றது. எல்லாம் எனக்குத் தெரியும். உனக்கு வயிற்றெரிச்சல் இருக்கும், அதுவும் தெரியும். மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சங்கரா மீன் குழம்பு கேட்டு வாங்கி இரண்டு தட்டுச் சாப்பிட்டுவிட்டு, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து போனாய் பார், அதுதான் எனக்குப் புரியவே இல்லை. கை கழுவும்போது பக்கத்தில் வந்து, அப்பா, வாய் தவறி வந்துடுச்சு என்று சொல்லியிருந்தால் போதும். நான் அதோடு விட்டிருப்பேன். சத்தியமாக விட்டிருப்பேன்.

அப்புறம் ஒரு வாரம் கழித்து உனக்குத் திடீரென்று என் கண் மேல் பாசம் பொங்கியது. புதுச்சேரியில் கண் ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கிவிட்டேன், கார் வரும், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்விட்டு மெதுவாக வாருங்கள் என்றாய். நான் உன் அம்மாவிடம், பார்த்தாயா, அவன் வாயால் சொல்லத் தெரியாதவன், இப்படிச் செய்துதான் காட்டுவான் என்று பெருமை அடித்துக்கொண்டே போனேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டு, எல்லாம் மங்கலாகத் தெரிகிற நிலையில் சாயங்காலம் திரும்பினோம். முதலில் கண்தான் சரியில்லை என்று நினைத்தேன். தோட்டம் இருந்த இடத்தில் ஒன்றரை அடி ஆழத்துக்குப் பள்ளம். பொக்லைன் வந்து வாரிவிட்டுப் போயிருந்தது. கத்தரி, வெண்டை, நான் பந்தல் கட்டிய பீர்க்கு, எதுவும் இல்லை. ஓரத்தில் புது மண் மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தது. வாரின மண் எங்கே என்று கேட்டேன். நீ ரோட்டுப் பக்கம் கையைக் காட்டினாய். பார்க்கிங்குக்குப் பள்ளமான இடத்தில் கொட்டி நிரவியாகிவிட்டது. அதன் மேல் வெள்ளையாக ஒரு கார் நின்றுகொண்டிருந்தது.

வருகிறவர்களுக்கு நம்பிக்கை வர வேண்டும் என்றால் பழைய மண் அங்கே இருக்கக் கூடாது என்று விளக்கம் சொன்னாய். சரி, உன் கடை, உன் முடிவு. பட்டா என் பேரில் இருக்கிறது என்பதை வைத்து உன்னை மிரட்ட எனக்கு ஆசை இல்லை. ஆனால் என்னை ஊரை விட்டு அனுப்பிவிட்டுச் செய்ய வேண்டுமா? நேரில் சொல்லியிருந்தால் நான் கத்தியிருப்பேன், சாபம்கூட விட்டிருப்பேன், அப்புறம் நானே மண்வெட்டியை எடுத்திருப்பேன். என் மகனுக்கு என்னிடம் சொல்லத் தைரியம் இல்லாமல், என் கண்ணையே சாக்காக வைத்து என்னை அப்புறப்படுத்தினான் என்பதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை. நாலாவது நாள் உன் அம்மா, "அவன் பயந்துட்டாங்க, அவ்ளோதான்" என்றாள். பயந்தவன் அப்பனிடம் ஓடிவருவான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சென்னை அம்மா மேல் எனக்கு ஒரு துளி கோபம் கிடையாது. அவர் சாப்பிடும் சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டு. ஏமாற்றப்பட்டவர் அவர்தான். உன் புது மண்ணைப் பற்றியும் நீ ஒன்றைத் தெரிந்துகொள். மீன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் கடலைப் புண்ணாக்குக்கு மாறியிருப்பேன். கொஞ்சம் மெதுவாகத்தான் பலன் தெரியும், ஆனால் தெரியும். மூட்டையில் வாங்கிய மண்ணைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. கீழே இருப்பது அதே உப்புத் தரை, சித்திரையில் ஏறி வரும். நேராகக் கத்தரி நாற்றை வைத்துவிடாதே, முதலில் தக்கைப்பூண்டு போடு, பூ வரும் முன் மடக்கு. மேட்டுக் கிணற்றுத் தண்ணீரை மட்டும் விடு, போர் தண்ணீர் கரிக்கும், அதைத் தொடாதே. உன் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் செடி என்ன பாவம் செய்தது.

இப்போது உனக்கு நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தத் தாளைப் படித்ததிலிருந்து அதுதான் என்னைப் போட்டு அரிக்கிறது. உனக்கு எட்டு வயசு இருக்கும்போது, லீவு நாளில் உன்னை சைக்கிள் பாரில் உட்காரவைத்து உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போவேன். அங்கே என் கூட ஏழுமலை இருந்தான். ஒன்றாகப் படித்தவன், ஒரே தூக்குச் சட்டியில் சோறு தின்றவன், உனக்குப் பனங்கிழங்கு கொண்டு வந்து தருவான். ஒரு கோடையில், அள்ளிக் குவித்த உப்பு அம்பாரமாக நின்றது. மழை வருகிற மாதிரி இருந்தால் கீற்றுப் போட்டு மூடச் சொல்ல வேண்டியது மேஸ்திரி வேலை. நான் பிரம்மதேசத்தில் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போகிற அவசரத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் உன்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். போன கொஞ்ச நேரத்தில் அடித்து ஊற்றியது. பாதி அம்பாரம் கரைந்து ஓடிவிட்டது. மறுநாள் முதலாளி வந்து நின்று, யார் பொறுப்பு என்று கேட்டார். நீ என் விரலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாய். நான் சொன்னேன், "ஏழுமலைகிட்ட சொல்லிட்டுத்தான் போனேங்க."

சொல்லவே இல்லை. ஏழுமலை என்னைப் பார்த்தான். அப்புறம் உன்னைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டு, ஆமாங்க, மறந்துட்டேங்க என்றான். அன்றைக்கே அவனை நிறுத்திவிட்டார்கள். திரும்பி வரும்போது சைக்கிள் பாரில் உட்கார்ந்துகொண்டு நீ கேட்டாய், நீ அவர்கிட்ட சொல்லவே இல்லையேப்பா என்று. சும்மா வாடா என்றேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நீ அன்றைக்குக் கையைக் கூப்பிக்கொண்டு நின்றபோது, அந்தப் பேச்சை எங்கே கற்றுக்கொண்டாய் என்று நான் யோசிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதனால் உன்னைத் திட்டுகிற யோக்கியதை எனக்குப் பாதிதான் இருக்கிறது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் திட்டினேன்.

ஏழுமலை அப்புறம் சவுக்கு வெட்டுகிற வேலைக்குப் போனான், பிரம்மதேசத்திலேயே தங்கிவிட்டான். சந்தையில் அவன் தலையைப் பார்த்தால் நான் சைக்கிளைத் திருப்பிவிடுவேன். அவன் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, போகவில்லை. அவன் எனக்கு என்ன கெடுதல் செய்தான்? ஒன்றும் இல்லை. என்னைக் காப்பாற்றினான், அவ்வளவுதான். காப்பாற்றியவன் முகத்தை இருபத்திரண்டு வருஷம் என்னால் பார்க்க முடியவில்லை. நேற்று காலையில், உன் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் ஏறி பிரம்மதேசம் போனேன். அவன் வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தான். முடியெல்லாம் போய்விட்டது. நான் எதிரில் உட்கார்ந்து, அன்னைக்கு நான் உங்கிட்ட சொல்லல ஏழுமலை, பொய் சொன்னேன் என்றேன். அதான் எனக்குத் தெரியுமே என்றான். உரித்த கடலைத் தோலை ஒதுக்கித் தள்ளினான். அப்புறம் சொன்னான். "வேல போனது பெருசில்லப்பா. அதுக்கப்புறம் எங்கிட்ட பேசறதையே வுட்டுட்டியே. அதத்தான் என்னால தாங்க முடியல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு, என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் வந்து நீ எழுதியதைப் படித்துவிட்டால் உன் கடை பழையபடி ஓடும். ஒரு கிழவன் அறியாமல் செய்தான், மன்னிப்பும் கேட்டுவிட்டான் என்று எல்லோரும் கை தட்டுவார்கள். எனக்குப் போகிற மானம் ஒன்றும் பெரிசில்லை, உனக்காக அதை விட்டுவிடுவேன். ஆனால் அன்றையிலிருந்து நீ என் முகத்தைப் பார்க்கமாட்டாய். நல்லது கெட்டதுக்கு வருவாய், மாத்திரை வாங்கிக் கொடுப்பாய், கார் அனுப்புவாய், பேசமாட்டாய். இப்போதே ஆரம்பித்துவிட்டது, தாளைக்கூட அம்மா கையில்தானே கொடுத்தனுப்புகிறாய். பேச்சு எப்படி நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். நான் நிறுத்திப் பார்த்தவன்.

அதனால் நான் வரமாட்டேன். ஆமாங்க என்று தலையைக் குனிந்து உன்னைக் காப்பாற்றமாட்டேன். நீயே அந்த மைக்கைப் பிடி. டிரம்மை வாங்கியது நீ, அளவு சொன்னது நீ, கேட்டால் மட்டும் சொல்லலாம் என்று முடிவு செய்தது நாம் இரண்டு பேரும், பழியைத் தூக்கி அப்பன் தலையில் போட்டது நீ மட்டும். இதைச் சொல்ல இரண்டு நிமிஷம்கூட ஆகாது. சொன்னால் கடை போகலாம். போனால் போகட்டும், அறுபது சென்ட் அங்கேயேதான் இருக்கும், எனக்கும் கை கால் இன்னும் இருக்கிறது. சொல்லிவிட்டு நேராக வீட்டுக்கு வா, நான் வந்து கதவைத் திறக்கிறேன். சொல்ல முடியாமல் போனாலும் வா. சோறு இருக்கும், உன் அம்மா போடுவாள்.

அப்பா